92.5: ஒரு குரல் சுற்றி வந்த வழி

1996 டிசம்பர் 3, செவ்வாய்க்கிழமை. செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் வீடுகளிலும் டாக்சிகளிலும் கடைகளிலும் ரேடியோ முள் 92.5-இல் நின்றிருந்தது. இரண்டு வாரமாக அதை யாரும் நகர்த்தவில்லை. இன்றைக்கு ஊர்வலம் எந்தத் தெருவில் போகிறது, போலீஸ் எங்கே நிற்கிறது, நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்பதையெல்லாம் அந்த எண் ஒன்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று அந்த இடத்தில் வெறும் இரைச்சல் மட்டும் வந்தது. முள்ளைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்கள். பி92 வானொலி இல்லை.

அரசுத் தரப்பு பிறகு ஒரு விளக்கம் சொன்னது: ஆண்டெனாவுக்குப் போகும் கோ-ஆக்சியல் கேபிளில் தண்ணீர் புகுந்துவிட்டதாம்.

கோ-ஆக்சியல் கேபிள் நமக்குப் புதிதல்ல. மொட்டை மாடியிலிருந்து தொலைக்காட்சிப் பெட்டிக்கு இறங்கி வரும் கறுப்புக் கம்பிதான் அது. நடுவே செம்பு, அதைச் சுற்றி வெள்ளைக் காப்பு, அதன்மேல் பின்னல் கம்பி, வெளியே கறுப்பு உறை. அதற்குள் தண்ணீர் போனால் சிக்னல் கெடும் என்பது உண்மைதான். உண்மை போலவே இருப்பதால்தான் அந்தக் காரணத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் பெல்கிரேடில் அதை நம்ப ஆளில்லை. தேர்தலில் தோற்றவர்கள் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்த நாட்கள் அவை. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பது ஊருக்கே தெரியும்.

இரண்டு நாள் கழித்து அந்தக் குரல் திரும்பியது. இடைப்பட்ட இரண்டு நாளில் அது ஆம்ஸ்டர்டாமைச் சுற்றி வந்திருந்தது. அலைவரிசையிலிருந்து இணையத்துக்குப் போன வானொலிகளின் கதை எங்கே தொடங்குகிறது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த இரண்டு நாட்கள்தான்.

பதினைந்து நாள் ஆயுள்

பி92 நெடுங்காலம் வாழப் பிறந்ததல்ல. 1989 மே 15 அன்று, பெல்கிரேட் இளைஞர் அமைப்பின் சார்பில், பதினைந்து நாள் சோதனை ஒலிபரப்பாகத்தான் அது தொடங்கியது. யூகோஸ்லாவியாவில் மே 25 இளைஞர் தினம். மறைந்த தலைவர் டிட்டோவின் பிறந்த நாளாகக் கொண்டாடப்பட்ட நாள். அதையொட்டி இளைஞர்கள் நாலு பாட்டுப் போடட்டும், பேசட்டும் என்று கொடுத்த இடம் அது. பி என்பது பெல்கிரேட். 92 என்பது அலைவரிசை எண். பெயர் அவ்வளவுதான்.

நகரின் நடுவே, மகெதோன்ஸ்கா தெருவில் உள்ள இளைஞர் இல்லத்தில் ஒலிப்பதிவுக் கூடம் அமைந்தது. நிறுவியவர்களில் ஒருவரும் பின்னாளில் தலைமை ஆசிரியருமானவர் வெரான் மாதிச். உடன் இருந்தவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருந்தவர்கள். அரசு வானொலியின் கனத்த, கஞ்சி போட்ட மொழி அவர்களுக்கு வாயில் வரவில்லை. தெருவில் பேசுவதுபோலப் பேசினார்கள். ராக், பங்க், ராப், ஜாஸ் எல்லாம் ஒலித்தன. பதினைந்து நாள் முடிந்த பிறகும் ஒலிபரப்பை நிறுத்தவில்லை.

அது வலுவான நிலையமும் அல்ல. அதன் அலை பெல்கிரேடையும் சுற்றுப்புறத்தையும் தாண்டாது. பண்பலையின் இயல்பு அப்படி. சிற்றலை வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கண்டம் கடக்கும். பண்பலை நேர்க்கோட்டில் ஓடும், மலையும் அடிவானமும் குறுக்கிட்டால் நின்றுவிடும். ஆகவே செர்பியாவின் சிற்றூர்களில் இருந்தவர்களுக்கு 92.5 கிடைக்காது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது அரசுத் தொலைக்காட்சி ஒன்றுதான். அன்றைய செர்பிய அதிபர் ஸ்லொபதான் மிலோசெவிச்சின் பலமும் அதில்தான் இருந்தது. தலைநகரில் நாலு பேர் என்ன பேசினாலும், நாடு முழுவதும் பார்க்கும் இரவுச் செய்தி தன் கையில் இருந்தால் போதும் என்று அவர் நினைத்தார். பல ஆண்டுகள் அது போதுமானதாகவும் இருந்தது.

1991 மார்ச் 9 அன்று அரசுத் தொலைக்காட்சியின் பொய்களை எதிர்த்துப் பெரும் கூட்டம் பெல்கிரேட் தெருவில் இறங்கியது. ஒரு மாணவரும் ஒரு போலீஸ்காரரும் உயிரிழந்தார்கள். தெருவுக்கு டாங்கிகள் வந்தன. பி92 செய்தி சொல்லக் கூடாது, இசை மட்டும் போடலாம் என்று உத்தரவு வந்தது. அவர்கள் இசை மட்டுமே போட்டார்கள். பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் த பவர்' போன்ற பாடல்கள் திரும்பத் திரும்ப ஒலித்தன. ஒரு செய்தி வாசிப்பும் இல்லாமலேயே ஊருக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது.

அதன்பின் போர் வந்தது. குரோவேஷியாவில் வுகோவார், போஸ்னியாவில் சரயேவோ. 1992 வசந்தத்தில் பெல்கிரேடின் முன்னணி ராக் இசைக் கலைஞர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து, ஒரு லாரியில் ஏறி, போருக்கு எதிராகப் பாடிக்கொண்டே நகரைச் சுற்றினார்கள். அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டது பி92. சொந்த நாட்டு ராணுவம் ஊர்களை முற்றுகையிட்டிருந்த காலத்தில், போரைப் போர் என்று அழைப்பதற்கே துணிச்சல் வேண்டியிருந்தது. அந்த நாட்களில் அந்த நிலையத்துக்கு ஒரு வாசகம் வாய்த்தது: யாரையும் நம்பாதீர்கள், எங்களையும்கூட. ஊடகத்தில் இருப்பவர்கள் அனைவரும் தம் மேசைமேல் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய வாசகம் அது என்று நான் நினைக்கிறேன்.

கணித ஆசிரியரின் கம்பி

1992 மே மாதம் ஐ.நா. பொருளாதாரத் தடை விதித்தது. பெட்ரோல், மருந்து, பணத்தின் மதிப்பு என்று ஒவ்வொன்றாக நழுவியது. அவற்றோடு இன்னொன்றும் போயிற்று: அறிவியல் தொடர்புகளும் தடைக்குள் வந்ததால், பல்கலைக்கழகங்களின் கணினி வலையும் உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. மற்ற நாடுகளில் இணையம் வேர்விட்ட ஆண்டுகளில் செர்பியா வெளியே நின்றது.

த்ராஜென் பாந்திச் பெல்கிரேட் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். 1995 இறுதியில், தடைகள் தளரும் சமயத்தில், பி92-க்குள்ளேயே ஓப்பன்நெட் என்ற இணையப் பிரிவை அவர் தொடங்கினார். நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்புத் தந்தவர்களில் ஓப்பன்நெட்தான் முன்னோடி. ஒரு வானொலி நிலையம் ஏன் மோடம் வாங்கி மாட்ட வேண்டும் என்ற கேள்வி அன்று நியாயமாகவே எழுந்திருக்கும். கணினி வைத்திருந்தவர்களே கொஞ்சம். அதிலும் இணைய இணைப்பு வைத்திருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

மறுமுனையில் ஆம்ஸ்டர்டாமில் இருந்தது எக்ஸ்எஸ்ஃபார்ஆல். டச்சுக் கணினி வித்தகர்கள் சிலர் 1993-இல் தொடங்கிய இணையச் சேவை நிறுவனம் அது. அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்தால் 'எல்லோருக்கும் அணுகல்' என்ற பொருள் தரும் ஆங்கிலத் தொடர் ஒலிக்கும். ஓப்பன்நெட்டுக்கு வெளி உலகக் கதவைத் திறந்துவிட்டது அந்த நிறுவனம்தான். பெல்கிரேடிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு எப்போதும் திறந்திருக்கும் ஒரு குத்தகைக் கம்பி. இன்றைய கைப்பேசி இணைப்பின் பக்கத்தில் வைத்தால் அது ஒரு ஒற்றையடிப் பாதை. வண்டி போகாது, ஒரு ஆள் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போகலாம். டிசம்பர் 3 அன்று அந்த ஆள் தேவைப்பட்டான்.

இரண்டு நாள்

1996 நவம்பர் 17 அன்று நடந்த உள்ளாட்சித் தேர்தலின் இரண்டாம் சுற்றில் பெல்கிரேட், நீஷ் உள்ளிட்ட நகரங்களில் எதிர்க்கட்சிக் கூட்டணி வென்றது. அந்த முடிவுகளை அரசு செல்லாது என்றது. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். குளிரிலும் பனியிலும் நாள்தோறும் வந்தார்கள். அரசுத் தொலைக்காட்சியில் அந்தக் கூட்டம் இல்லவே இல்லை, அல்லது ஒரு கைப்பிடிக் கலகக்காரர்களாகச் சுருங்கிவிட்டது. பி92 அதை மணிக்கு மணி சொன்னது. முதலில் அதன் அலையில் இரைச்சலைக் கலந்து கெடுத்தார்கள். டிசம்பர் 3 அன்று ஒரேயடியாக நிறுத்தினார்கள். மாணவர் வானொலியான ரேடியோ இண்டெக்ஸும் அதே நாளில் மௌனமானது.

கூடத்தில் இருந்தவர்கள் மைக்கை அணைக்கவில்லை. ஒலி ஆண்டெனாவுக்குப் போகாது. வேறு எங்கே அனுப்பலாம்? ஓப்பன்நெட்டின் கணினிக்கு.

அந்தக் கணினிக்குள் நடந்ததைக் கொஞ்சம் அருகில் நின்று பார்க்கலாம். மைக்கில் விழும் குரல் தொடர்ச்சியான மின் அலை. கணினி அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. இசைத்தட்டின் தரத்தில் அளந்தால் ஒரு நொடி ஒலிக்கு ஏறக்குறைய பதினான்கு லட்சம் பிட் வேண்டும். அன்று பலர் வீட்டில் வைத்திருந்த மோடம் நொடிக்குக் கடத்தியதோ 14,400 பிட். அதாவது நூற்றில் ஒரு பங்கு. இந்த இடைவெளியைத் தாண்ட ஒரு மென்பொருள் 1995 ஏப்ரலில் வந்திருந்தது: ரியல்ஆடியோ. காது கவனிக்காத பகுதிகளை அது விட்டுவிடும். மேல் சுருதிகளை உதிர்த்துவிடும். பேச்சு புரிய எது வேண்டுமோ அதை மட்டும் இறுக்கிச் சிறு பொட்டலங்களாகக் கட்டி அனுப்பும். மொத்தத்தையும் இறக்கி முடிக்கும்வரை கேட்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. பொட்டலம் வர வரக் கேட்கலாம். மறுமுனையில் கேட்கும் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து பேசுவதுபோல் இருக்கும். வழியில் பொட்டலம் ஒன்று தொலைந்தால் ஒரு சொல் விக்கும். ஆனாலும் என்ன சொல்கிறார் என்பது புரியும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வானலையில் ஒருவர் கேட்டாலும் லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு வேலை ஒன்றுதான். இணையத்தில் அப்படியில்லை. கேட்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி நகல் அனுப்ப வேண்டும். பெல்கிரேடின் ஒற்றையடிப் பாதையில் பத்துப் பேருக்கு அனுப்பினாலே நெரிசல். ஆகவே ஒரே ஒரு நகலை மட்டும் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பினார்கள். எக்ஸ்எஸ்ஃபார்ஆலின் சர்வர் அதை வாங்கிப் பலவாகப் பெருக்கி உலகத்துக்குக் கொடுத்தது. சிறு வாய்க்காலில் வந்த தண்ணீரை ஏரியில் தேக்கிப் பல மடை வழியே பாய்ச்சுவதுபோல.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்: சர்வாதிகாரி வானொலியை மூடினான், இணையம் அதைக் காப்பாற்றியது. எனக்கு அது பாதிக் கதையாகவே படுகிறது. பெல்கிரேடில் ரொட்டிக் கடை வரிசையில் நின்றவரிடம் மோடம் இல்லை. நீஷ் நகரத்து ஆலைத் தொழிலாளியிடம் கணினியே இல்லை. டிசம்பர் 3 இரவு இணையத்தில் பி92-ஐக் கேட்டவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் இருந்தவர்கள்: புலம்பெயர்ந்த செர்பியர்கள், பத்திரிகையாளர்கள், தூதரகத்தார். பெல்கிரேடுக்காகப் பேசிய குரல் பெல்கிரேடைத் தவிர எல்லா இடத்திலும் கேட்டது.

மீதிக் கதை அதற்குப் பிறகு நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் இறங்கிய அந்தத் தகர டப்பாக் குரலைச் சர்வதேச வானொலிகள் எடுத்துக்கொண்டன. பிபிசி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா, டாய்ச்ச வெல்ல போன்ற நிலையங்கள் பி92-இன் செய்திகளைத் தங்கள் செர்பிய மொழி ஒலிபரப்பில் சேர்த்து, செர்பியாவை நோக்கித் திருப்பி அனுப்பின. கம்பி வழியாக வெளியேறிய குரல் காற்று வழியாக வீடு திரும்பியது. அதைக் கேட்க மோடம் வேண்டாம். அலமாரி மேல் இருக்கும் பழைய ரேடியோப் பெட்டி போதும். லண்டனிலிருந்து வரும் சிற்றலையை, ஏறி இறங்கும் அந்த ஒலியை, காதை ஒட்டவைத்துக் கேட்ட அனுபவம் பிபிசி தமிழோசை கேட்டு வளர்ந்த நம் வீடுகளுக்கும் உண்டு. செர்பிய வீடுகளில் அன்று அந்த ஒலியில் வந்தது அவர்கள் தெருமுனையின் செய்தி.

வாயை அடைக்கப் போட்ட கை ஒலிபெருக்கியாகிவிட்டது. பெல்கிரேடுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சிறு நிலையத்தின் பெயர் உலகச் செய்தியானது. வெளிநாட்டு அரசுகள் கேள்வி கேட்டன. டிசம்பர் 5 அன்று 92.5-இல் மறுபடி பேச்சு கேட்டது. கேபிள் காய்ந்துவிட்டது.

ஊர்வலங்கள் தொடர்ந்தன. அந்தக் குளிர்காலத்தில் பெல்கிரேடில் ஒரு வழக்கம் பிறந்தது. இரவு ஏழரை மணிக்கு அரசுத் தொலைக்காட்சியில் செய்தி தொடங்கும். அந்த நேரத்தில் மக்கள் சன்னலைத் திறந்து, பால்கனியில் நின்று, சட்டி பானையைக் கரண்டியால் தட்டுவார்கள், விசில் அடிப்பார்கள். செய்தி முடியும்வரை நகரமே ஓசையில் அதிரும். தங்கள் நிலையத்தின்மேல் இரைச்சலைப் போட்டவர்களுக்கு, வீட்டு அடுக்களைச் சாமானால் திருப்பிக் கொடுத்த இரைச்சல் அது. 1997 பிப்ரவரியில் மிலோசெவிச் தேர்தல் முடிவுகளை ஏற்றார்.

அடுத்த தெருவுக்கு எழுபதாயிரம் கிலோமீட்டர்

இரண்டு நாள் அவசரத்துக்குப் போட்ட பாதை அப்படியே நிலைத்த வழியானது. செர்பியாவின் சிற்றூர்களில் சிறு சுயேச்சை நிலையங்கள் இருந்தன. 1993 முதலே அவை பி92-உடன் சேர்ந்து அனெம் என்ற சங்கமாக இயங்கின. ஆனால் அவற்றை இணைக்க வழியில்லை. நாடு முழுவதும் அலை பரப்பும் கோபுரங்கள் அரசின் கையில். ஒரு தனியார் நிலையத்துக்கு அதில் இடம் கிடைக்காது.

பி92 வேறொரு வழி கண்டது. பெல்கிரேடில் ஒருவர் செய்தி வாசிக்கிறார். அவர் குரல் எண்ணாகிக் கம்பி வழியே ஆம்ஸ்டர்டாம் போகிறது. அங்கிருந்து லண்டனில் பிபிசிக்கு. பிபிசி அதைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றுகிறது. பூமிக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள். அது அந்தக் குரலை வாங்கிக் கீழே விடுகிறது. செர்பியச் சிற்றூர் ஒன்றின் கூரைமேல் உள்ள டிஷ் ஆண்டெனா அதைப் பிடிக்கிறது. உள்ளூர் நிலையத்தின் சிறு டிரான்ஸ்மிட்டர் அதைப் பண்பலையில் ஊருக்குத் தருகிறது. அங்கே ஒரு வீட்டு அடுக்களையில் ரேடியோ பேசுகிறது.

பெல்கிரேடிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஊருக்கு, ஒரு சொல் வானத்தில் மட்டும் எழுபதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஏறி இறங்கியது. ஒளியின் வேகத்தில் அதற்குக் கால் நொடி ஆகும். இடையில் கணினிகள் எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். அந்தச் சில கணங்கள்தான் செர்பியா ஒரு பொய்யிலிருந்து தள்ளி நின்ற தூரம்.

இந்தச் சுற்றுவழியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இது. பாந்திச்சும் அவர் தோழர்களும் இணையத்தை வானொலிக்கு மாற்றாகப் பார்க்கவில்லை. எல்லையைக் கடக்கும் ஒரு பாலமாகப் பார்த்தார்கள். தங்கள் நேயர் எங்கே இருக்கிறார், அவர் கையில் என்ன கருவி இருக்கிறது என்பதிலிருந்தே அவர்கள் யோசனை தொடங்கியது. புதிய கருவி கிடைத்ததும் பழைய ரேடியோப் பெட்டியோடு இருக்கும் நேயரைக் கைவிட்டுப் போகவில்லை. அவர்கள் செய்த வேலையில் நான் ஆகப் பெரிதாக மதிப்பது அதைத்தான். 1998-இல் எம்டிவி நிறுவனம் பி92-க்கு ஒரு விருது கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் செர்பிய அரசு கடுமையான அபராதங்கள் கொண்ட தகவல் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டும் ஒரே வேலைக்கான பதில்கள்.

பெயரும் பறிபோன நாள்

1999 மார்ச் 24. விடிவதற்கு வெகுநேரம் முன்பே போலீசாரும் அதிகாரிகளும் நிலையத்துக்கு வந்து ஒலிபரப்புக் கருவிகளை எடுத்துப் போனார்கள். வெரான் மாதிச்சைப் பிடித்து வைத்துச் சில மணி நேரம் கழித்து விட்டார்கள். அன்று மாலையே, கொசோவோ போரை முன்னிட்டு, நேட்டோ விமானங்கள் குண்டு வீசத் தொடங்கின.

இந்த முறையும் குரல் இணையத்துக்குப் போனது. வெளியே அதைக் கேட்கவும் பரப்பவும் முன்பைவிடப் பல மடங்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உள்ளே இருந்த நிலைமை வேறு. மேலே குண்டு, கீழே தணிக்கை. பி92 இரண்டையும் எதிர்த்தது. குண்டுவீச்சு செர்பியாவின் ஜனநாயக சக்திகளையே நசுக்குகிறது என்று மாதிச் வெளிப்படையாக எழுதினார். இரு பக்கமும் நண்பர்கள் குறையும் நிலைப்பாடு அது.

ஏப்ரல் 2 அன்று போலீசார் மறுபடி வந்தார்கள். இப்போது கையில் நீதிமன்றத்தின் காகிதம் இருந்தது. இயக்குநர் சாஷா மிர்கோவிச் நீக்கப்பட்டார். அவர் இடத்தில் அரசுக்கு வேண்டியவர் அமர்த்தப்பட்டார். ஊழியர்கள் வெளியேறினார்கள். கூடம் போயிற்று, அலைவரிசை போயிற்று, பெயரும் போயிற்று. சில நாட்களில் 92.5-இல் பி92 என்ற பெயரிலேயே வேறு யாரோ பேசினார்கள். அலைவரிசையை மூடுவதைவிட இது கொடிது என்று எனக்குப் படுகிறது. மூடிய கடையைப் பார்த்தால் மூடியிருக்கிறது என்று தெரியும். திறந்திருக்கும் கடையில் வேறொரு சரக்கை அதே பெயரில் விற்றால், பழைய வாடிக்கையாளர் எதை நம்புவார்?

ஏப்ரல் 11 அன்று பத்திரிகை அதிபர் ஸ்லாவ்கோ சுருவியா பெல்கிரேடில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 23 அதிகாலையில் நேட்டோ ஏவுகணை அரசுத் தொலைக்காட்சிக் கட்டடத்தைத் தாக்கியது. இரவுப் பணியில் இருந்த 16 ஊழியர்கள் இறந்தார்கள். பேச முயன்றவரும் இறந்தார். சொன்னதைச் செய்துகொண்டு இரவு முழுவதும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தவர்களும் இறந்தார்கள். அந்த ஏப்ரலை எண்ணிப் பார்க்காமல் இந்த வானொலியின் கதையைச் சாகசக் கதையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடன் வாங்கிய அலை

1999 ஆகஸ்ட் 2. பெல்கிரேடில் 99.1 என்ற எண்ணில் பழைய குரல்கள் கேட்டன. நகராட்சியின் ஸ்டூடியோ பி நிலையம் தன் அலைவரிசை ஒன்றை விட்டுக்கொடுத்திருந்தது. பழைய பெயரைச் சட்டப்படி பயன்படுத்த முடியாது. ஆகவே பி2-92 என்று வைத்துக்கொண்டார்கள். பறிக்கப்பட்ட பெயருக்குள் ஓர் எண்ணைச் செருகி, இது நாங்கள்தான் என்று சொன்னார்கள். நேயர்கள் முள்ளை 92.5-இலிருந்து 99.1-க்கு நகர்த்தினார்கள். 2000 மே 17 அன்று ஸ்டூடியோ பி நிலையத்தையே அரசு கைப்பற்றியது. 99.1-உம் போயிற்று.

அதற்குள் அவர்களுக்கு வழி பழகியிருந்தது. மறுபடி இணையம், மறுபடி செயற்கைக்கோள். நான்கு ஆண்டுகளில் நான்காம் முறை வெளியேற்றப்பட்டவர்கள் வீடு மாற்றும் குடும்பத்தைப்போல, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தார்கள். 2000 செப்டம்பரில் தேர்தல் நடந்தது, மிலோசெவிச் தோற்றார், ஒப்புக்கொள்ள மறுத்தார். அக்டோபர் 5 அன்று நாடு முழுவதிலிருந்தும் மக்கள் பெல்கிரேடில் திரண்டார்கள். சாசாக், நீஷ் போன்ற ஊர்களிலிருந்தும் வண்டி வண்டியாக வந்தார்கள். அரசுத் தொலைக்காட்சிக் கட்டடம் தீப்பிடித்தது. ஆட்சி வீழ்ந்தது. பி92 தன் பெயரையும் 92.5-ஐயும் திரும்பப் பெற்றது.

மணற்கடிகாரம்

நல்ல கதைகள் இந்த இடத்தில் முடியும். வாழ்க்கை வரலாறு முடியாது. உயிர் இருக்கும்வரை எழுத வேண்டும்.

பி92 வளர்ந்தது. தொலைக்காட்சி தொடங்கியது. இணையத்தளம் செர்பியாவில் பெரும் வாசகர்களைக் கொண்ட செய்தித் தளமானது. வானொலியில் 'பெஷ்சானிக்' என்ற நிகழ்ச்சி 2000 முதல் வாரந்தோறும் ஒலித்தது. அந்தச் சொல்லுக்கு மணற்கடிகாரம் என்று பொருள். ஸ்வெத்லானா லூகிச், ஸ்வெத்லானா வூகோவிச் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் நடத்தினார்கள். போரில் நம் பெயரால் என்ன செய்தார்கள், அதற்கு நம் பொறுப்பு என்ன என்று தன் சமூகத்திடமே கேட்ட நிகழ்ச்சி அது. சர்வாதிகாரியைக் கேள்வி கேட்பதைவிட, சர்வாதிகாரி போன பிறகு அண்டை வீட்டாரைக் கேள்வி கேட்பது கடினம். சுதந்திர வானொலியின் உண்மையான சோதனை அங்கேதான் தொடங்குகிறது.

பின்னர் உரிமை கைமாறியது. விளம்பரக் கணக்கு பேசத் தொடங்கியது. 2011-இல் பெஷ்சானிக் பி92 அலைவரிசையை விட்டு வெளியேறித் தன் சொந்த இணையத்தளத்தில் தொடர்ந்தது. 2015-இல் பி92 வானொலியின் இடத்தில் பிளே ரேடியோ என்ற இசை நிலையம் வந்தது. டாங்கி வரவில்லை, நள்ளிரவில் யாரும் கதவைத் தட்டவில்லை, கேபிளில் தண்ணீர் புகவில்லை. குண்டும் தடையும் கண்டு நிற்காத வானொலி, வணிகத்தின் கைமாற்றத்தில் சத்தமில்லாமல் போயிற்று. அது போனபோது அதற்காக யாரும் திரளவில்லை.

இந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து மறுபடி பார்க்கிறேன். 92.5 என்ற எண் குரலோடும் இருந்தது, குரல் இல்லாமலும் இருந்தது. பி92 என்ற பெயர் உண்மையானவர்களிடமும் இருந்தது, பறித்தவர்களிடமும் இருந்தது. கம்பி, சர்வர், செயற்கைக்கோள் எல்லாம் வந்து போயின. ரியல்ஆடியோவை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. பெல்கிரேடுக்கு வாசலாக நின்ற எக்ஸ்எஸ்ஃபார்ஆல் என்ற பெயரும் ஆம்ஸ்டர்டாமில் இன்று பழங்கதை. இத்தனை மாற்றத்திலும் குரல் எங்கே இருந்தது என்று கேட்டால், மைக்கை அணைக்க மறுத்தவர்களிடமும், முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடியவர்களிடமும் இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இந்த இரண்டு முனைகளும் உயிரோடு இருந்தவரை நடுவே ஆம்ஸ்டர்டாம் இருந்தாலும் விண்வெளி இருந்தாலும் சொல் போய்ச் சேர்ந்தது. அவற்றில் ஒரு முனை தளர்ந்தபோது, கட்டடத்துக்குள்ளேயே இருந்த டிரான்ஸ்மிட்டராலும் அதைக் கடத்த முடியவில்லை.

இன்று நம் கைப்பேசியில் உலகத்து வானொலிகள் எல்லாம் கிடைக்கின்றன. தமிழோசையும் 2017 ஏப்ரலில் சிற்றலையை விட்டு இறங்கிவிட்டது. அலைவரிசைக்காக யாரிடமும் உரிமம் கேட்டு நிற்க வேண்டாத காலம். இனி எந்தக் குரலையும் மூட முடியாது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெல்கிரேடின் கதை அந்த நிம்மதியைத் தரவில்லை. வழி எத்தனை திறந்தாலும் அதில் நடக்க ஆள் வேண்டும். போய்ச் சேரும் இடத்தில் கதவைத் திறக்கவும் ஆள் வேண்டும். பெஷ்சானிக்கின் அந்த இரண்டு பெண்கள் அலைவரிசை இல்லாமல், தங்கள் நேயர்களை நம்பி இணையத்துக்குப் போனார்கள். 1996 டிசம்பரில் தொடங்கிய பயணத்தின் தொடர்ச்சியை நான் அங்கேதான் காண்கிறேன். ஒரு பெயர்ப்பலகை ஓய்ந்த பிறகும், அது பழக்கிவிட்ட வழியில் இன்னும் யாரோ நடந்துகொண்டிருக்கிறார்கள்.